இருபுறமும் 8,00,000: ஒத்துப்போன இருப்பாய்வுக்குள் எட்டுப் பிழைகள்

நாற்காலியும் மேசையும் வாங்கி விற்கும் ஒரு புதிய வணிகம். முதல் மாத முடிவில், எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் பற்று, வரவு என இரு பக்கமாகப் பட்டியலிடும் இருப்பாய்வு எடுத்தபோது பற்றுப் பக்கம் 8,00,000, வரவுப் பக்கமும் 8,00,000. பெட்டியில் இருந்த ரொக்கத்தை எண்ணிப் பார்த்தால் ஏட்டில் உள்ளபடியே 1,52,000. வங்கி இருப்பு 83,500, அதுவும் சரி. நிகர லாபம் 25,500 என்று வந்தது. கணக்கு எழுதப் பழகுபவர் பெரும்பாலும் இந்த இடத்தில் ஏட்டை மூடிவிடுவார். ஆனால் அந்த ஏடுகளில் எட்டுப் பிழைகள் இருந்தன. எட்டையும் திருத்திய பிறகு வந்த நிகர லாபம் 25,250. வேறுபாடு 250 மட்டுமே.

வேறுபாடு இவ்வளவு சிறியதாக இருந்ததுதான் பெரிய சிக்கல். லாபத்தைக் கூட்டிய பிழைகளும் குறைத்த பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. மொத்த லாபம், சம்பளம், சரக்கிருப்பு, உரிமையாளரின் முதல் எல்லாமே தவறாக இருக்க, கடைசி வரி மட்டும் சரியானதைப் போலத் தெரிந்தது. இது கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு. தொகைகளை எந்த நாணயமாகக் கொண்டும் படிக்கலாம். பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு கூடவே போட்டுப் பார்ப்பது நல்லது.

மாதத்தின் நடவடிக்கைகள்

1-ம் தேதி: உரிமையாளர் 5,00,000 ரொக்கத்துடன் வணிகத்தைத் தொடங்கினார். அதில் 4,00,000 வங்கியில் செலுத்தப்பட்டது. பழைய சுமை வண்டி ஒன்று 1,12,000-க்குக் காசோலை மூலம் வாங்கப்பட்டது. வண்டி ஓடும் நிலையில் இல்லை. அன்றே 8,000-க்குக் காசோலை கொடுத்துப் பழுது நீக்கிய பிறகுதான் வேலைக்கு வந்தது.

2-ம் தேதி: மூன்று மாத வாடகை 45,000 முன்கூட்டியே காசோலையாகக் கொடுக்கப்பட்டது.

3-ம் தேதி: 100 நாற்காலிகள், ஒன்று 1,200 வீதம், காசோலைக்கு.

5-ம் தேதி: 40 மேசைகள் கடனுக்கு. பட்டியல் விலை ஒன்று 5,000. வியாபாரத் தள்ளுபடி 10 விழுக்காடு. எனவே ஒரு மேசை 4,500, மொத்தம் 1,80,000.

7-ம் தேதி: விற்பனைக்கு வைத்திருந்த சரக்கிலிருந்து 2 மேசைகளும் 5 நாற்காலிகளும் சொந்த அலுவலகப் பயன்பாட்டுக்கு எடுக்கப்பட்டன.

10-ம் தேதி: 50 நாற்காலிகள், ஒன்று 1,800 வீதம், ரொக்கத்துக்கு விற்பனை. 90,000.

14-ம் தேதி: 20 மேசைகள், ஒன்று 6,500 வீதம், கடனுக்கு விற்பனை. 1,30,000.

16-ம் தேதி: அவற்றில் ஒரு மேசை திரும்பி வந்தது. விற்கத்தக்க நல்ல நிலையிலேயே இருந்தது.

20-ம் தேதி: கடனாளி தன் பாக்கியில் 70,000-ஐத் தீர்க்க 68,500-க்குக் காசோலை கொடுத்தார். மீதி 1,500 ரொக்கத் தள்ளுபடி.

22-ம் தேதி: மேசை கொடுத்த கடனீந்தோருக்குக் காசோலை 1,00,000.

25-ம் தேதி: உரிமையாளர் வீட்டுச் செலவுக்கு ரொக்கம் 20,000 எடுத்தார்.

30-ம் தேதி: பணியாளர் சம்பளம் 18,000 ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. ஓர் உதவியாளருக்கு இந்த மாத வேலைக்கான 6,000 அடுத்த மாதம்தான் கொடுக்கப்படும்.

இரட்டைப்பதிவு முறையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. சொத்தோ செலவோ கூடினால் பற்று, குறைந்தால் வரவு. முதலோ பொறுப்போ வருமானமோ கூடினால் வரவு, குறைந்தால் பற்று. அதாவது சொத்துகளின் கூட்டுத்தொகை எப்போதும் முதலும் பொறுப்பும் சேர்ந்த தொகைக்குச் சமம். 1494-ல் வெனிஸில் லூகா பசியோலி அச்சில் விளக்கிய காலத்திலிருந்து இந்த அடிப்படை மாறவில்லை. இந்த வணிகத்தில் எந்தப் பதிவும் இவ்விதியை மீறவில்லை. பதிவான ஒவ்வொன்றிலும் பற்றும் வரவும் சமமாகவே இருந்தன. தவறு நடந்தது, தொகையை எந்தக் கணக்கில் வைப்பது என்ற முடிவில்.

முதலில் எழுதப்பட்ட இருப்பாய்வு

பற்று இருப்புகள்: ரொக்கம் 1,52,000, வங்கி 83,500, கடனாளி 53,500, சுமை வண்டி 1,12,000, பழுதுபார்ப்பு 8,000, வாடகை 45,000, கொள்முதல் 3,06,500, அளித்த தள்ளுபடி 1,500, சம்பளம் 38,000. மொத்தம் 8,00,000.

வரவு இருப்புகள்: முதல் 5,00,000, விற்பனை 2,20,000, கடனீந்தோர் 80,000. மொத்தம் 8,00,000.

மாத இறுதியில் மீதமிருந்த 45 நாற்காலிகளும் 19 மேசைகளும் சரியாகவே எண்ணப்பட்டன. அவற்றுக்கு விற்பனை விலையைப் போட்டு 81,000 + 1,23,500 = 2,04,500 என்று இறுதிச் சரக்கிருப்பு எழுதப்பட்டது. இதைக் கொள்முதலிலிருந்து கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 1,02,000, மொத்த லாபம் 1,18,000. வாடகை, பழுதுபார்ப்பு, சம்பளம், தள்ளுபடி சேர்ந்து 92,500 போக நிகர லாபம் 25,500.

சந்தேகம் எங்கே எழ வேண்டும்

இருப்பாய்விலும் இதற்குத் தடயம் கிடையாது, ரொக்கத்திலும் கிடையாது. தடயம் மொத்த லாப விகிதத்தில் இருந்தது. 2,20,000 விற்பனையில் 1,18,000 மொத்த லாபம் என்றால் ஏறத்தாழ 53.6 விழுக்காடு. நாற்காலி 1,200-க்கு வாங்கி 1,800-க்கு விற்கப்படுகிறது. விற்பனை விலையில் லாபம் 33.3 விழுக்காடு. மேசை 4,500-க்கு வாங்கி 6,500-க்கு விற்கப்படுகிறது, லாபம் 30.8 விழுக்காடு. இரண்டே பொருள்களை விற்கும் வணிகத்தில் மொத்த விகிதம் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் விழ முடியும். 53.6 வரவே வராது. கணக்கைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ள வேண்டிய சோதனை இது: கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு நிற்காமல், இந்த விடை இந்த வணிகத்தில் சாத்தியமா என்றும் பார்க்க வேண்டும்.

சரக்கிருப்பு: மிகப் பெரிய பிழை

மொத்த லாபத்தை ஊதிப் பெருக்கியது சரக்கிருப்பின் மதிப்பீடு. விற்காத சரக்கை விற்பனை விலையில் மதிப்பிட்டால், இன்னும் கிடைக்காத லாபத்தை இந்த மாதமே எழுதிக்கொள்கிறோம். விதி இதுதான்: அடக்கவிலை, நிகரத் தீர்வு மதிப்பு இரண்டில் எது குறைவோ அது. நிகரத் தீர்வு மதிப்பு என்பது விற்றால் கிடைக்கும் தொகையிலிருந்து விற்பதற்கு ஆகும் செலவைக் கழித்தது. வழக்கமாக அடக்கவிலைதான் குறைவாக இருக்கும். ஒரு நாற்காலி உடைந்து, செலவு போக 900-தான் தேறும் என்றால் அந்த ஒன்றை மட்டும் 1,200-க்குப் பதில் 900 என்று எழுத வேண்டும். வரக்கூடிய நட்டத்தை முன்பே கணக்கில் எடுப்பதும், கைக்கு வராத லாபத்தை எடுக்காததும் முன்னெச்சரிக்கைக் கொள்கை.

இங்கே உடைந்த சரக்கு ஏதும் இல்லை. 45 × 1,200 = 54,000; 19 × 4,500 = 85,500; கூட்டினால் 1,39,500. மேசைக்குப் பட்டியல் விலையான 5,000-ஐப் போடக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். வியாபாரத் தள்ளுபடி ஏட்டுக்கே வராது. கழித்து வந்த 4,500 மட்டுமே பதிவாகும். ரொக்கத் தள்ளுபடி அப்படியல்ல. அது பணம் கைமாறும்போது எழுவதால் தனிக் கணக்கில் பதிவாகும். 1,500 அப்படிப் பதிவானது சரியே. மதிப்பீட்டுப் பிழையால் மட்டும் லாபம் 65,000 கூடியிருந்தது.

எண்ணிக்கையும் ஒருமுறை சரிபார்க்கத் தக்கது. நாற்காலி 100, விற்றது 50, அலுவலகத்துக்கு 5, மீதி 45. மேசை 40, விற்றது 20, திரும்பியது 1, அலுவலகத்துக்கு 2, மீதி 19. சரக்கை நேரில் எண்ணியது ஏட்டோடு ஒத்துவராவிட்டால் மதிப்பீட்டுக்குப் போவதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும்.

உரிமையாளரும் வணிகமும் ஒன்றல்ல

சம்பளக் கணக்கில் 38,000 இருந்தது. பணியாளருக்குக் கொடுத்தது 18,000. மீதி 20,000 உரிமையாளர் வீட்டுக்கு எடுத்தது. ரொக்கம் வெளியே போனது உண்மை. அதனால் ரொக்கக் கணக்கில் வரவு எழுதியதில் குறையில்லை. ஆனால் அது வணிகத்தின் செலவு அல்ல. தனித்தன்மைக் கருத்தின்படி வணிகம் வேறு, உரிமையாளர் வேறு. வணிகம் தன் உரிமையாளருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகைதான் முதல். அதிலிருந்து அவர் எடுத்துக்கொள்வது எடுப்பு. அது முதலைக் குறைக்கும், லாபத்தைத் தொடாது. முதல் ஏன் பொறுப்புகளின் பக்கம் நிற்கிறது என்று குழம்பும் மாணவர்களுக்கும் விடை இதே கருத்தில்தான் இருக்கிறது. ஏடுகள் வணிகத்தின் பார்வையில் எழுதப்படுகின்றன.

இதே பார்வை வங்கி அறிக்கைக்கும் பொருந்தும். நம் ஏட்டில் வங்கி இருப்பு பற்று. வங்கி அனுப்பும் அறிக்கையில் அதே தொகை வரவு. நம் வைப்பு நமக்குச் சொத்து, வங்கிக்குப் பொறுப்பு. யார் ஏடு என்று முதலில் கேட்டுவிட்டால் இதில் முரண்பாடு ஏதும் தெரியாது.

சொத்தா, செலவா

பழைய வண்டியைப் பழுது நீக்கிய 8,000 பழுதுபார்ப்புச் செலவாக எழுதப்பட்டது. ஒரு சொத்தைப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் வரை ஆகும் செலவெல்லாம் அதன் அடக்கவிலையில் சேரும்: ஏற்றி வரும் கூலி, நிறுவும் செலவு, முதல் பழுதுநீக்கம். வண்டி வேலைக்கு வந்த பிறகு செய்யும் வழக்கமான பழுதுபார்ப்பு வருவாயினச் செலவு, அதாவது அந்தக் காலத்து லாபத்திலிருந்தே கழிக்கப்படும் செலவு. பணம் யாருக்குப் போனது, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. செலவு எப்போது, எதற்காக என்பதுதான் தீர்மானிக்கும். எனவே வண்டியின் அடக்கம் 1,20,000.

அலுவலகத்துக்கு எடுத்த சரக்குக்குப் பதிவே இல்லை. பணம் கைமாறவில்லை, வெளியார் யாரும் இல்லை, அதனால் விடுபட்டுப்போனது. 2 × 4,500 + 5 × 1,200 = 15,000. விற்பதற்காக வாங்கினால் நாற்காலி கொள்முதல். பயன்படுத்துவதற்காக வைத்துக்கொண்டால் அது அறைகலன், நிலைச்சொத்து. பொருள் ஒன்றுதான், நோக்கம் மாறினால் கணக்கு மாறும். பதிவு செய்யாமல் விட்டதால் இந்த 15,000 விற்ற சரக்கின் அடக்கத்தில் போய்ச் சேர்ந்தது. ஏனெனில் கொள்முதலில் இருக்கிறது, இறுதிச் சரக்கில் இல்லை. இந்தப் பதிவில் விற்பனைக் கணக்கை வரவு வைப்பது இன்னொரு வழக்கமான தவறு. வணிகம் தனக்குத் தானே விற்க முடியாது. கொள்முதலைத்தான் அடக்கவிலையில் குறைக்க வேண்டும்.

திரும்பி வந்த மேசைக்கு வேறுவிதமான பிழை. பொருள் உள்ளே வருகிறதே என்று 6,500-ஐக் கொள்முதலில் பற்று வைத்துவிட்டார்கள். கடனாளி கணக்கு சரியாகவே குறைந்தது. லாபமும் மாறவில்லை, கொள்முதல் கூடியதும் விற்பனை குறையாததும் சமன் செய்துகொண்டன. ஆனால் விற்பனை 2,20,000 என்றும் கொள்முதல் 3,06,500 என்றும் இரண்டு பொய்யான எண்கள் நின்றன. எவ்வளவு சரக்கு திரும்பி வருகிறது என்பதை விற்பனைத் திருப்பக் கணக்கு தனியாகக் காட்டினால்தான் தரத்தில் ஏதும் குறை இருந்தால் அதை உடனே பிடிக்க முடியும்.

எந்த மாதத்துக்குரியது

மீதி மூன்று பிழைகளும் காலம் பற்றியவை. மூன்று மாத வாடகையில் இந்த மாதத்துக்கு 15,000 மட்டுமே. 30,000 முன்கூட்டிச் செலுத்திய செலவு, அதாவது சொத்து. உதவியாளரின் 6,000 கொடுக்கப்படாவிட்டாலும் இந்த மாத வேலைக்கானது. கொடுபட வேண்டிய செலவு, அதாவது பொறுப்பு. வண்டிக்கும் அறைகலனுக்கும் ஐந்து ஆண்டு ஆயுள், இறுதி மதிப்பு ஏதுமில்லை என்று நேர்கோட்டு முறையில், அதாவது எல்லா மாதமும் சம தொகையாக, கொண்டால் மாதத் தேய்மானம் 1,20,000 ÷ 60 = 2,000, 15,000 ÷ 60 = 250. அறைகலன் 7-ம் தேதி எடுக்கப்பட்டாலும் எடுத்த மாதம் முழு மாதமாகக் கொள்ளப்படுகிறது. எந்த முறையைத் தேர்ந்தாலும் அதையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும். பணம் எப்போது கைமாறியது என்பதை விட்டுவிட்டு, வருமானத்தை அதை ஈட்ட உதவிய செலவோடு ஒரே காலத்தில் வைப்பது பொருந்துகைக் கருத்து.

திருத்தப் பதிவுகளும் சரிக்கட்டுப் பதிவுகளும்

தவறாக எழுதியதை அழித்தெழுதக் கூடாது. அடித்தல் உள்ள ஏட்டை யாரும் நம்புவதில்லை. பிழை எப்போது, எப்படித் திருத்தப்பட்டது என்ற தடமும் போய்விடும். நடவடிக்கைகளை முதலில் எழுதும் குறிப்பேட்டில் புதிய பதிவு எழுதி, பதிவுக்குக் கீழே காரணத்தையும் ஒரு வரியில் குறிக்க வேண்டும். கீழே க/கு என்பது கணக்கு, ப என்பது பற்று, வ என்பது வரவு.

சுமை வண்டி க/கு ப 8,000. பழுதுபார்ப்பு க/கு வ 8,000.
எடுப்புகள் க/கு ப 20,000. சம்பளம் க/கு வ 20,000.
அலுவலக அறைகலன் க/கு ப 15,000. கொள்முதல் க/கு வ 15,000.
விற்பனைத் திருப்பம் க/கு ப 6,500. கொள்முதல் க/கு வ 6,500.

இந்த நான்கையும் கணக்கு வாரியாகத் தொகுக்கும் பேரேட்டில் எடுத்தெழுதி மறுபடி இருப்பாய்வு எடுத்தால் இருபுறமும் அதே 8,00,000. கொள்முதல் 2,85,000 ஆகியிருக்கும், சம்பளம் 18,000 ஆகியிருக்கும், பழுதுபார்ப்பு மறைந்திருக்கும். மொத்தம் மட்டும் அசையாது. அதன் பிறகு, செலவை உரிய மாதத்தில் வைக்கும் சரிக்கட்டுப் பதிவுகள்:

முன்கூட்டிச் செலுத்திய வாடகை க/கு ப 30,000. வாடகை க/கு வ 30,000.
சம்பளம் க/கு ப 6,000. கொடுபட வேண்டிய சம்பளம் க/கு வ 6,000.
தேய்மானம் க/கு ப 2,250. சுமை வண்டி க/கு வ 2,000. அலுவலக அறைகலன் க/கு வ 250.

திருத்திய முடிவு இப்படி வரும். நிகர விற்பனை 2,20,000 – 6,500 = 2,13,500. விற்ற சரக்கின் அடக்கம் 2,85,000 – 1,39,500 = 1,45,500. வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: 50 நாற்காலி 60,000, 19 மேசை 85,500, அதே தொகை. மொத்த லாபம் 68,000, நிகர விற்பனையில் ஏறத்தாழ 31.9 விழுக்காடு, சாத்தியமான எல்லைக்குள் வந்துவிட்டது. வாடகை 15,000, சம்பளம் 24,000, தள்ளுபடி 1,500, தேய்மானம் 2,250 சேர்ந்து 42,750 போக நிகர லாபம் 25,250.

பழைய லாபத்திலிருந்து புதியதற்கு வரும் பாதையையும் எழுதிப் பார்க்க வேண்டும். 25,500-உடன் வாடகை 30,000, பழுதுபார்ப்பு 8,000, எடுப்பு 20,000, அறைகலன் 15,000 என 73,000 கூடுகிறது. சரக்கிருப்பு 65,000, சம்பளம் 6,000, தேய்மானம் 2,250 என 73,250 குறைகிறது. இந்தப் பாதையை எழுத முடியாவிட்டால் ஏதோ ஒரு பிழை இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

இருப்புநிலைக் குறிப்பு

சொத்துகள்: ரொக்கம் 1,52,000, வங்கி 83,500, கடனாளி 53,500, சரக்கிருப்பு 1,39,500, முன்கூட்டிச் செலுத்திய வாடகை 30,000, சுமை வண்டி 1,18,000, அலுவலக அறைகலன் 14,750. மொத்தம் 5,91,250.

முதலும் பொறுப்புகளும்: முதல் 5,00,000 + 25,250 – 20,000 = 5,05,250; கடனீந்தோர் 80,000; கொடுபட வேண்டிய சம்பளம் 6,000. மொத்தம் 5,91,250.

முதலில் எழுதிய குறிப்பும் 6,05,500 என்று இருபுறமும் ஒத்துத்தான் போயிருந்தது. அதில் முதல் 5,25,500. உண்மையைவிட 20,250 அதிகம். லாபத்தில் 250 மட்டுமே வேறுபட்டிருந்தும் முதல் இவ்வளவு விலகியதற்குக் காரணம், எடுப்பு அங்கே கழிக்கப்படவே இல்லை.

இருப்பாய்வு எதைப் பிடிக்கும்

இதனால் இருப்பாய்வு பயனற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் எழுதியது, கூட்டல் தவறு, இருப்பைத் தவறான பக்கம் எடுத்தெழுதியது ஆகியவற்றை அது உடனே காட்டும். வேறுபாடு வந்தால் முதலில் அந்தத் தொகையையே ஏடுகளில் தேட வேண்டும். ஒரு பதிவின் ஒரு பக்கம் மட்டும் விடுபட்டிருக்கலாம். பிறகு வேறுபாட்டின் பாதியைத் தேட வேண்டும். 1,500 தள்ளுபடியை வரவுப் பக்கம் வைத்துவிட்டால் வேறுபாடு 3,000 வரும். வேறுபாடு 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு: 53,500-ஐ 35,500 என்று எழுதினால் வேறுபாடு 18,000. பக்கமும் தொகையும் சரியாக இருந்து கணக்கு மட்டும் தவறினாலோ, பதிவே எழுதாமல் விட்டாலோ இருப்பாய்வு எதையும் காட்டாது. இங்கே இருந்த பிழைகள் எல்லாம் அந்த வகை, அல்லது இருப்பாய்வுக்குப் பிறகு நடந்தவை.

திருத்தாமல் விட்டிருந்தால்

இறுதிச் சரக்கிருப்பு அடுத்த மாதத்தின் தொடக்கச் சரக்கிருப்பாகும். 2,04,500 என்று எடுத்துச் சென்றால், அந்த 45 நாற்காலிகளையும் 19 மேசைகளையும் வழக்கமான விலைக்கே விற்றாலும் மொத்த லாபம் சுழியம். உண்மையில் 65,000 வந்திருக்கும். வாடகைக் கணக்கில் அடுத்த இரண்டு மாதங்களும் ஒன்றும் இராது. உதவியாளருக்கு 6,000 கொடுக்கும்போது அது அந்த மாதத்துச் செலவாகிவிடும். முதல் மாதத்தில் ஒன்றையொன்று மறைத்த பிழைகள் இரண்டாம் மாதத்தில் அதே அளவில் மறைத்துக்கொள்ளாது; லாபம் காரணமின்றித் துள்ளும்.

திருத்திய ஏடுகளோடு தொடங்கினால் அடுத்த மாத வேலை எளிது. தொடக்கச் சரக்கிருப்பு 1,39,500. மாத முடிவில் வாடகை க/கு ப 15,000, முன்கூட்டிச் செலுத்திய வாடகை க/கு வ 15,000. உதவியாளருக்குப் பணம் கொடுக்கும் நாளில் பற்று வைக்க வேண்டியது சம்பளக் கணக்கை அல்ல, கொடுபட வேண்டிய சம்பளக் கணக்கை. அந்தக் கணக்கின் இருப்பு அன்றே சுழியமாக வேண்டும்.